காத்துல தானா சுத்துற சிற்பம் ஒண்ண பார்க்ல வைக்கணும், எதுல கவனமா இருக்கணும்?

பேரிங்லயும் பேலன்ஸ்லயுங்க. நான் உடுமலை பக்கம் ஒரு பார்க்ல ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன். 15 அடி கம்பத்து மேல முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணா ரெண்டு சக்கரம், வளைஞ்ச ஸ்டீல் பிளேடு, ரெண்டும் எதிரெதிரா சுத்துறப்போ பூ விரிஞ்சு மூடுற மாதிரி தெரியும்.

வரையறது ரெண்டு நாள் வேலை. உயிர வாங்குனது பேரிங்தான். மழைத்தண்ணி போகக்கூடாதேன்னு ரப்பர் சீல் வச்ச 6204 நம்பர் பேரிங் வாங்கி மாட்டுனேன், பாலக்காட்டு கணவாய் காத்து அடிக்கற ஊரு, சுத்தாம எங்க போகும்னு ஒரு தெனாவட்டு வேற. மாட்டுனது மார்கழில. அசையவே இல்ல. வாக்கிங் வர்ற பெரியவர் ஒருத்தர் தெனம் நின்னு பாத்துட்டு, "ஏந்தம்பி, இதுக்கு கரண்ட் இன்னும் குடுக்கலியா"ன்னுட்டார்.

காத்து வேகம் பாதியா கொறைஞ்சா அதுல இருக்கற சக்தி எட்டுல ஒரு பங்குதான், அந்த கொஞ்சூண்டையும் ரப்பர் உரசலும் கெட்டி கிரீஸும் தின்னுடுது. எல்லாத்தையும் கழட்டி, தகரமூடி வச்ச பேரிங் போட்டு, கிரீஸ பெட்ரோல்ல கழுவிட்டு தையல் மிஷின் ஆயில் நாலு சொட்டு விட்டு, மழைக்கு மேல குடை மாதிரி ஒரு மூடி வச்சேன்.

அப்பதான் அடுத்த கூத்து. பேரிங் டைட்டா இருந்தப்போ சக்கரம் எங்க விட்டாலும் நின்னுச்சு, பேலன்ஸ் சூப்பர்னு நெனச்சிருந்தேன். லூசானதும் ஒரே பிளேடு திரும்பத் திரும்ப கீழ வந்து நிக்குது, அப்போ அந்தப் பக்கம் கனம்னு அர்த்தம். சாக்பீஸ்ல அத மார்க் பண்ணி, எதிர் பிளேடுல வாஷர் ஒவ்வொண்ணா சேத்து, 9 வாஷர்ல சரியாச்சு. அமெரிக்க சிற்பி ஜார்ஜ் ரிக்கி பண்ணதெல்லாம் தேடிப் பாருங்க, ஈட்டி மாதிரி நீளமான ஸ்டீல், லேசான காத்துக்கே ஆடும், அவரு எதிர் எடைக்கு ஈயம் வச்சாரு.

ஆடிக்காத்து வேற கதை. வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு, ஒரு பிளேடு அடி வெல்டிங்ல விரிசல் விட்டுருச்சு, நல்லவேளை உள்ள கம்பி கோத்திருந்தேன், கீழ விழல. இப்ப எல்லாம் போல்ட்டு, லாக் நட்டு. உயரமும் முக்கியம், அப்பா தோள்ல உக்காந்திருக்கற புள்ள கை நீட்டுனாலும் எட்டக்கூடாது.

கொட்டேஷன் போடறப்போ ஏணி வாடகையயும் ஏறி ஆயில் விடற கூலியையும் சேத்துருங்க. நான் மறந்துட்டேன், வருஷத்துக்கு மூணு தடவ கைக்காசுல ஏறிட்டு இருக்கேன்.