‘ஆபரேஷன் கிடையாதா டாக்டர்?’ – மீசோதீலியோமா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மீசோதீலியோமா பற்றி. அபூர்வமான நோய்தான், ஆனால் வந்துவிட்ட வீட்டில் போய் ‘இது அபூர்வம்’ என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் இது, சில சமயம் வயிற்றின் உள்ளுறையிலும் வரும். நுரையீரல் புற்றுநோய் வேறு, இது வேறு. பெரும்பாலும் காரணம் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். தூசியைச் சுவாசித்ததற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் நடுவில் 20 முதல் 50 வருடம் ஓடியிருக்கும், அதனால்தான் வேலையை விட்டு ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி எடுத்த பிறகு வந்து நிற்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு 67 வயது, சிமெண்ட் ஷீட் கம்பெனியில் 22 வருடம் வேலை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று நான்கு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். நீரைச் சோதித்ததில் கேன்சர் செல் இல்லை என்று வந்தது. இப்போது பயாப்சியில் மீசோதீலியோமா என்கிறார்கள். எதை நம்புவது?

பயாப்சியை நம்புங்கள். இந்த நோயில் நீரை மட்டும் சோதித்தால் பல பேருக்கு ஒன்றும் இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் புற்று உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், செல்கள் நீரில் உதிர்ந்தாலும் அவற்றைச் சாதாரண உறைச் செல்களிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். விலா இடுக்கில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, உறையைக் கண்ணால் பார்த்துச் சதை எடுப்பதுதான் சரியான வழி. டி.பி. என்று நினைத்ததற்காக அந்த டாக்டரைத் திட்டவும் மனசு வரவில்லை, நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டி.பி.தான் ஞாபகம் வரும், பல நேரம் அதுவாகவும் இருக்கும். ஆனால் கல்நாரில் 22 வருடம் இருந்தவர் என்பதை யாராவது கேட்டிருக்க வேண்டும், அல்லது நீங்களாவது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அந்த ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையைத் தேடுங்கள். எபிதீலியாய்டு, சார்கோமடாய்டு, இரண்டும் கலந்த பைஃபேசிக் என்று மூன்றில் ஒன்று இருக்கும். எபிதீலியாய்டு கொஞ்சம் நிதானமாகப் போகும் ரகம், சார்கோமடாய்டு முரடு. எந்தச் சிகிச்சை என்ற பேச்சே இதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வார்த்தை இல்லையென்றால் பயாப்சி பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்திருக்கும் அந்தச் சதைத் துண்டை வாங்கி, புற்றுநோய் மருத்துவமனையில் இன்னொரு பேதாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். கைவிட்டுவிட்டாரா? வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் நுரையீரலையே எடுத்துவிடுவார்கள் என்று மாமா சொல்கிறார்.

மாமாவின் அக்கறை புரிகிறது. நமக்கெல்லாம் ‘வெட்டி எறிந்தால் போச்சு’ என்ற நினைப்பு ஆழமாக இருக்கிறது. ஆனால் மீசோதீலியோமா பலாச்சுளை மாதிரித் தனியாகப் பிரிந்து வராது, சுவரில் ஏறிய ஈரம் மாதிரிப் பரவியிருக்கும். எங்கே முடிகிறது என்று சர்ஜன் கண்ணுக்கே தெரியாது.

முன்பெல்லாம் ஒரு பக்க நுரையீரல், உறை, உதரவிதானம், இதய உறையில் ஒரு பகுதி என்று மொத்தமாக எடுப்பார்கள். பிரிட்டனில் மார்ஸ் என்ற சோதனையில் அதனால் நன்மை இல்லை, கெடுதல் இருக்கலாம் என்று 2011-ல் தெரிந்தது. சரி, நுரையீரலை விட்டுவிட்டு உறையை மட்டும் உரித்தெடுக்கலாம் என்று அடுத்த யோசனை. அதையும் மார்ஸ் 2 என்று 335 பேரிடம் சோதித்தார்கள், பாதிப் பேருக்குக் கீமோவும் ஆபரேஷனும், பாதிப் பேருக்குக் கீமோ மட்டும். 2024-ல் வந்த முடிவில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் நடுமட்ட ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று அர்த்தம்) 19.3 மாதம், கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 24.8 மாதம். சிக்கல்களும் ஆபரேஷன் பக்கம்தான் அதிகம். இதை ஏற்காத சர்ஜன்களும் இருக்கிறார்கள், ஆரம்ப நிலை, எபிதீலியாய்டு, நல்ல உடல்வாகு என்று பொறுக்கியெடுத்துச் செய்தால் பலன் உண்டு என்பது அவர்கள் வாதம், சில நாடுகளின் வழிகாட்டிகளும் அந்தக் கதவை முழுதாக மூடவில்லை. என்னைக் கேட்டால், என் அப்பாவுக்கு வந்தால் கத்தியைத் தேடி ரயில் ஏற மாட்டேன்.

‘ஆபரேஷன் வேண்டாம்’ என்பது ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று அர்த்தமில்லை. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கீமோவா, இம்யூனோதெரபியா? எது முதலில்? இம்யூனோதெரபி செலவைக் கேட்டுத் தலை சுற்றுகிறது.

கீமோ என்றால் பெமெட்ரெக்செட், கூடவே சிஸ்பிளாட்டின், சிறுநீரகம் தாங்காது என்றால் கார்போபிளாட்டின். மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸ், நான்கிலிருந்து ஆறு சுற்று. 2004-ல் இதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதற்குப் பின் பதினாறு வருடம் இதை விட்டால் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை. இம்யூனோதெரபி என்றால் உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றின் மேல் ஏவிவிடும் சிகிச்சை. 2020-ல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அனுமதி வந்தது. சோதனையில் நடுமட்ட ஆயுள் கீமோவில் 14.1 மாதம், இந்த ஜோடியில் 18.1 மாதம். ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. எபிதீலியாய்டு இல்லாத முரட்டு ரகங்களில் கீமோவுக்கு 8.8 மாதம்தான், இம்யூனோதெரபிக்கு அதே 18.1. எபிதீலியாய்டில் வித்தியாசம் சின்னது. அதனால் சார்கோமடாய்டு, பைஃபேசிக் என்றால் இம்யூனோதெரபிக்கு என்ன வழி என்று கட்டாயம் பாருங்கள். எபிதீலியாய்டு என்றால், கீமோவில் ஆரம்பிப்பதற்காக யாரும் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம், பெமெட்ரெக்செட்டுக்கு இந்தியக் கம்பெனிகளின் ஜெனரிக், அதாவது அதே மருந்தின் மலிவுப் பதிப்பு இருக்கிறது. 2024-ல் பெம்ப்ரோலிசுமாபைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கவும் அமெரிக்காவில் அனுமதி வந்தது, அங்கே கிடைத்த கூடுதல் காலம் சராசரியாக ஒரு மாதச் சொச்சம். வீட்டை விற்று அதை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். செலவைக் குறைக்கக் குறைந்த டோஸில் நிவோலுமாப் கொடுப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மும்பை டாடா மருத்துவமனை அதைச் சோதித்தது தலை, கழுத்துப் புற்றுநோயில். மீசோதீலியோமாவுக்கு அதே கணக்கு சரிவரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி கோட்டை விடுவது. பெமெட்ரெக்செட் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, ஒரு பி12 ஊசி எழுதித் தருவார்கள். ‘சத்து மாத்திரைதானே’ என்று அதை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாமல் மருந்து ஏறினால் வாய் முழுக்கப் புண், ரத்த அணுக்கள் தடாலென்று இறங்கும். மாத்திரை தினமும், ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வலிக்கிறது என்று மருந்துக் கடையில் ஐப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். நாட்டு மருந்து லேகியம் ஏதாவது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள், நான் திட்ட மாட்டேன்.

இம்யூனோதெரபியில் முடி கொட்டாது, வாந்தியும் குறைவு, ஆனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த உறுப்புகள் மேலேயே பாயலாம். ஒரு நாளில் நாலைந்து தடவை பேதி போனால் ‘நேற்று சாப்பிட்ட பரோட்டா’ என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஃபோன் செய்யுங்கள். புதுசாக மூச்சிரைப்பு, வறட்டு இருமல் வந்தாலும் அப்படித்தான்.

மாதம் இரண்டு தடவை நீர் எடுக்கிறோம், மறுபடி சேர்ந்துவிடுகிறது. அம்மா ஊசியைப் பார்த்தாலே அழுகிறார்.

இத்தனை தடவை குத்தியிருக்கவே வேண்டாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, நீரை முழுதாக வடித்துவிட்டு உறைகளுக்கு நடுவே டால்க் பவுடரைத் தூவி இரண்டையும் ஒட்டவைப்பது. நுரையீரல் நன்றாக விரிந்து சுவரைத் தொட்டால்தான் அது ஒட்டும். புற்று சுற்றிப் பிடித்து விரியவிடாமல் வைத்திருந்தால், விலாப்பக்கம் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்துவிடலாம். வெளியே ஒரு சாண் நீளம்கூடத் தெரியாது. மூச்சு முட்டும்போது பாட்டிலை மாட்டி வீட்டிலேயே வடிக்கலாம், நர்ஸ் இரண்டு தடவை காட்டிக் கொடுத்தால் மகளோ மருமகளோ கற்றுக்கொள்வார்கள். கையைக் கழுவுவது, மூடியைத் தொடாமல் இருப்பது, இரண்டும்தான் முக்கியம். வடிக்கும்போது இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் நிறுத்திவிடுங்கள், கடைசிச் சொட்டு வரை எடுக்க வேண்டியதில்லை.

மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கட்டமா?

இல்லை. விலா எலும்புக்கு நடுவே ஓடும் நரம்புகளைப் புற்று நெருக்குவதால் வரும் வலிக்குச் சாதாரண மாத்திரை போதாது, அவ்வளவுதான். மூச்சிரைப்புக்கும் சின்ன டோஸில் அது உதவும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்தில் குத்தும் வலிக்குச் சில நாள் ரேடியேஷனும் பலன் தரும்.

அக்காவுக்கு 48 வயது, வயிற்றில் வந்திருக்கிறது. இதெல்லாம் அவருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. மேலே ஆபரேஷன் பற்றிச் சொன்னதை இங்கே அப்படியே தலைகீழாகப் படியுங்கள். வயிற்று உறையில் வரும் எபிதீலியாய்டு ரகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் புற்றையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த மேஜையிலேயே வயிற்றுக்குள் சூடான கீமோ மருந்தைச் சுற்றவிடும் ஹைபெக் என்ற முறை இருக்கிறது. தகுந்தவர்களுக்கு அதனால் வருடக்கணக்கில் காலம் கிடைத்திருக்கிறது. எட்டு பத்து மணி நேர ஆபரேஷன், அதனால் இதை அடிக்கடி செய்து பழகிய குழுவிடம் மட்டும் போங்கள். ‘வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

முடியும். கல்நாரால் வரும் மீசோதீலியோமா நம் நாட்டுத் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்ட பின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பி.எஃப். சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுங்கள். எங்கே, எத்தனை வருடம், என்ன வேலை என்பதை டாக்டரின் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான். லண்டனிலிருந்து எழுதியவருக்கு: அங்கே வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடக் கெடு, நோய் தெரிந்த நாளிலிருந்து. பழைய முதலாளியோ இன்ஷூரன்ஸோ கிடைக்காவிட்டாலும் 2014 முதல் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். பிரித்துவிடவா?

உடையாமல் முழுசாக இருந்தால் அவசரப்படாதீர்கள், ஆபத்து தூசியில். துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உடைந்த துண்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்து எடுங்கள். இலங்கை கல்நாரைத் தடை செய்ய நினைத்தது. 2017 டிசம்பரில் தேயிலையில் வண்டு இருக்கிறது என்று ரஷ்யா கொள்முதலை நிறுத்தியதும் அந்தத் தடை கிடப்பில் போனது. கல்நார் விற்கும் நாடும் ரஷ்யாதான். நம் ஊரிலும் இன்னும் கடையில் கிடைக்கிறது.

அப்பாவிடம் டி.பி. என்றே சொல்லி வைத்திருக்கிறோம். நீங்களும் அப்படியே சொல்வீர்களா?

மாட்டேன், ஆனால் போட்டும் உடைக்க மாட்டேன். உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு ‘உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க?’ என்று மட்டும் கேட்பேன். இதே மாதிரி மறைத்து அழைத்துவந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். ‘ஷீட்டுத் தூசிதான் சார். கூட வேலை பார்த்த ரெண்டு பேரு இப்படித்தான் போனாங்க. புள்ளைங்க பயந்துக்கும்னு நான் காட்டிக்கல’ என்றார். அப்புறம் அவர் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை. பெண் பேருக்கு வீட்டை எழுத ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகணும், அதை முதல் கீமோவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளட்டுமா, பின்னாலா என்று கேட்டார். முன்னால் என்றேன்.