கெருஸ்ஸோ: குணமான குஷ்டரோகி பிரசங்கமா செய்தான்?

இல்லை, இயேசு குணமாக்கிய அந்தக் குஷ்டரோகி நீங்கள் நினைக்கும் பிரசங்கம் செய்யவில்லை. அவன் செய்ததைச் சொல்லும் மாற்கு 1:45-இல் உள்ள கெருஸ்ஸோ என்ற கிரேக்க வினைக்கு ‘ஊரறிய அறிவித்தல்’ என்பதே நேரான பொருள். தமிழ் வேதாகமத்தில் ‘பிரசித்தம்பண்ண’ என்று போட்டது மிகச் சரி.

குழப்பம் வருவது நம் பக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். அதே வினை மாற்கு 1:14-இல் ‘பிரசங்கித்து’ என்று வருகிறது. நமக்கோ பிரசங்கம் என்றதும் ஞாயிறு ஆராதனையும் மேடையும்தான் கண்ணில் நிற்கின்றன. கிரேக்கத்தில் இந்த வினையோடு உறவுள்ள கெருக்ஸ் என்ற சொல்லுக்குப் பொருள், அரசனின் கட்டளையைத் தெருவில் உரக்க அறிவிக்கும் ஆள். நம்மூரில் முரசறைந்தவரைப் போல. செய்தி அவருடையது அல்ல, அனுப்பியவருடையது. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒன்று செய்து பாருங்கள். யோனா 3-ஆம் அதிகாரத்தைப் பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் திறந்து வையுங்கள். நினிவேயில் யோனா கூறியதற்கும் இந்த வினைதான். 5-ஆம் வசனத்தில் மக்கள் உபவாசம் கூறியதற்கும் இதேதான். அங்கே ‘பிரசங்கித்தார்கள்’ என்று வைத்தால் பொருந்தாது, ‘அறிவித்தார்கள்’ பொருந்தும். அப்புறம் மத்தேயு 4:23-ஐயும் பாருங்கள்: உபதேசிப்பதற்கு வேறு வினை, பிரசங்கிப்பதற்குக் கெருஸ்ஸோ.

ஆனால் வருகிற இடமெல்லாம் முரசொலி கேட்க வேண்டாம். லூக்கா 4:43-இல் நற்செய்தி அறிவித்தலுக்கு வேறொரு வினை, அடுத்த வசனத்திலேயே கெருஸ்ஸோ. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வசனத்தின் சூழலைப் பார்த்தே முடிவெடுங்கள்.