ரோஜர் எறிந்த கற்கள்

‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் சங்குக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் என்ன பொருள், ஆளில்லாத் தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்களின் கதை ஏன் இவ்வளவு அச்சமூட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லூரியில் எனக்குக் கிடைத்த நோட்ஸில் ‘சங்கு: ஜனநாயகம், கண்ணாடி: அறிவு’ என்று வாய்ப்பாடுபோல எழுதியிருந்தது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். நாவல் பிடிபடவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான், அந்தப் பொருள்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தேய்ந்துகொண்டே போவது கண்ணில் பட்டது. அச்சம் அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது.

சிறுவர்களைக் கூட்டத்துக்கு அழைக்கவும், கையில் வைத்திருப்பவனுக்குப் பேச்சுரிமை தரவும் பயன்படும் சங்கு முதலில் பாலேட்டு நிறம், ஆங்காங்கே இளஞ்சிவப்பு. ஐந்தாம் அத்தியாயத்துக்குள் ஏறக்குறைய வெளுத்துவிடுகிறது. சுட்டாலும் வெண்மை தரும் என்று நாம் சிறுவயதில் படித்த சங்குக்கு நேர் எதிர். இங்கே வெண்மைதான் நலிவு. அதன் அதிகார எல்லையும் சுருங்குகிறது. மலை உச்சியில் சங்கு செல்லாது என்று வேட்டைக்காரர்களின் தலைவனான ஜாக் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறான். பிறகு, தீவின் இந்தப் பக்கத்திலும் செல்லாது என்கிறான்.

என் நோட்ஸில் இல்லாத ஒன்று, கல். சிறுவன் ஹென்றியைச் சுற்றி ரோஜர் என்ற பெரிய பையன் கல்லெறிகிறான். வேண்டுமென்றே குறி தவறவிடுகிறான். பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் என்ற பழைய வாழ்க்கை இன்னும் அவன் கையைப் பிடித்து வைத்திருக்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் நாவலிலேயே என்னை அதிகம் நடுங்க வைத்த காட்சி இதுதான். பதினோராம் அத்தியாயத்தில் அதே ரோஜர் பாறையை நெம்பி உருட்டிவிடுகிறான். மூக்குக்கண்ணாடிக்காரனான பிக்கி சாகிறான், அவன் கையிலிருந்த சங்கும் தூள்தூளாகிறது.

1954இல் வெளியான இந்த நாவலை எழுதிய வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். சிறுவர்களையும் கொலையையும் அருகிலிருந்து பார்த்தவர். (சிறுவர்கள் பிக்கியின் கண்ணாடியால்தான் தீ மூட்டுகிறார்கள். அங்கே இயற்பியல்தான் கோல்டிங்கின் காலை வாரிவிட்டது: பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அதற்கான குழிலென்ஸ் வெயிலைக் குவிக்காது, தீயும் பற்றாது.)

கடைசிப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். சிறுவர்கள் முதலில் தலைவனாகத் தேர்ந்தெடுத்த ரால்ஃபைக் கொல்வதற்காக ஜாக்கின் கூட்டம் மூட்டிய தீயின் புகைதான் கப்பலை வரவழைக்கிறது. கரையிறங்கிய கடற்படை அதிகாரியின் கண்ணுக்கு ஜாக் வெறும் செம்பட்டைத்தலைச் சிறுவன். இடுப்பில் பிக்கியின் கண்ணாடியில் மிஞ்சியதைச் செருகியிருக்கிறான். பிள்ளைகள் விம்மி அழுகிறார்கள். சங்கடப்பட்ட அதிகாரி திரும்பிக்கொண்டு, தொலைவில் நிற்கும் தம் போர்க்கப்பலைப் பார்க்கிறார்.