பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுவது புரியவில்லையே!

கேள்வி: கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அதனால் லண்டனை விட்டு, ஸ்பெயினில் கிரனாதா மாகாணத்தின் அல்புஹார்ரா மலைக் கிராமம் ஒன்றுக்குக் குடிவந்து எட்டு மாதமாகிறது. ஒரு வருடம் செயலியில் ஸ்பானிஷ் படித்தேன். கடையில் சாமான் கேட்டு வாங்கிவிடுவேன். ஆனால் அக்கம்பக்கத்தார் பேச ஆரம்பித்தால் எதுவும் புரிவதில்லை, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பழக்கமெல்லாம் இங்குள்ள ஆங்கிலேயர்களோடுதான். ஊரோடு ஒட்டுவது எப்படி?

பதில்: நீங்கள் படித்ததில் குறை இல்லை. செயலியில் கேட்டது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும் ஸ்பானிஷ். உங்கள் ஊரில் பேசுவது தென் ஸ்பெயினின் அந்தலூசியப் பேச்சு. அதில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' காற்றோடு போய்விடும். இரண்டு உயிரொலிக்கு நடுவே வரும் 'த' பெரும்பாலும் கரைந்துவிடும். 'மாஸ் ஓ மெனோஸ்' (ஏறக்குறைய) 'மா ஓ மெனோ' ஆகும். 'கன்சாதோ' (களைத்தவர்) 'கன்சாவோ' ஆகும். 'வந்துவிட்டது' என்று புத்தகத்தில் படித்தவர் 'வந்துருச்சு' என்று கேட்டால் திகைப்பார் இல்லையா, அதே கதைதான். சமையல் செய்யும்போது கானல் சூர் வானொலியைப் போட்டுவிடுங்கள். அந்தலூசியாவின் பொது ஒலிபரப்பு அது. காது தானாகப் பழகும்.

தமிழ் பேசும் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. 'மெ குஸ்தா எல் பான்' என்பதை ஆங்கிலம் வழியாக யோசித்தால் குழப்பம்தான் வரும். 'எனக்கு ரொட்டி பிடிக்கும்' என்று தமிழில் யோசியுங்கள், அமைப்பு அப்படியே பொருந்தும். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அப்படித்தான்: 'மெ துவெலெ லா கபேசா'. நீ, நீங்கள் வித்தியாசமும் நமக்குப் புதிதல்ல. வயதானவர்களிடம் 'உஸ்தெத்' என்றே தொடங்குங்கள். 'தூ' போதும் என்று அவர்களே சொல்லட்டும்.

அப்புறம், மொழி நன்றாக வந்தபிறகு ஊரோடு பழகலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இது. தினமும் ஒரே நேரத்தில் ரொட்டிக் கடைக்குப் போங்கள். அங்கே வரிசை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆளுக்கொரு பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நுழைந்ததும் எல்லாருக்கும் பொதுவாக 'புவெனாஸ்' என்று சொல்லிவிட்டு, 'எல் ஊல்திமோ?' என்று கேளுங்கள். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். ஒருவர் 'யோ' (நான்) என்பார். அவருக்குப் பின் நீங்கள். அடுத்து வருபவர் கேட்கும்போது 'யோ' என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒரே ஒரு அசைதான், ஆனால் அதைச் சொன்ன கணத்தில் அந்த வரிசையில் உங்களுக்கும் ஓர் இடம் வந்துவிடுகிறது.

புரியாதபோது தயவுசெய்து சிரித்து மழுப்பாதீர்கள். 'நோ எ என்தென்தீதோ' (எனக்குப் புரியவில்லை) என்று சொல்லுங்கள். சலிக்காமல் திரும்பச் சொல்வார்கள். சிரித்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துப் பேச்சை முடித்துக்கொள்வார்கள். வகுப்பும் வேண்டும்தான். வயதுவந்தோருக்கான அரசுக் கல்வி மையங்களில் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருவதுண்டு. ஊர் நிர்வாக அலுவலகமான ஆயுந்தாமியென்தோவில் விசாரியுங்கள். குடியிருப்போர் பதிவேடான 'பத்ரோன்' பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் அதையும் அங்கேயே பதியுங்கள். ஊருக்கு வரும் அரசு நிதியில் தலைக்கணக்குக்கும் பங்கு உண்டு.

ஆங்கிலேய நண்பர்களை விட வேண்டாம். மாலைப் பொழுதை மட்டும் தெருவுக்குக் கொடுங்கள். கோடையில் வெயில் தாழ்ந்ததும் வாசலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்குவது அங்கே பழைய வழக்கம், நம் திண்ணைப் பேச்சு மாதிரி. காதிஸ் மாகாணத்தின் அல்கார் என்ற சிற்றூர், 2021இல் இந்த வழக்கத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கேட்டு முயற்சி எடுத்தது. நீங்களும் ஒரு நாற்காலியோடு போய் உட்காருங்கள், முதல் வாரம் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

இன்னொன்று. தெருவில் யாராவது இறந்துவிட்டால், மொழி வராது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அடக்கம் பெரும்பாலும் மறுநாளே முடிந்துவிடும், யோசிக்க நேரம் இருக்காது. போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, 'தெ அகொம்பான்யோ என் எல் சென்திமியென்தோ' என்று சொல்லுங்கள். உங்கள் துக்கத்தில் நானும் கூட இருக்கிறேன் என்று அர்த்தம். இந்த வாக்கியத்தை இப்போதே மனப்பாடம் செய்துவையுங்கள்.