ஸ்லீப்பர் பஸ்: எப்.சி.யையும் அவசர வழியையும் பயணி எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: தீபாவளிக்குக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆம்னி ஸ்லீப்பரில் டிக்கெட் போட்டிருக்கிறோம். அந்தப் பஸ் ஓடத் தகுதியானதா என்று அரசு பார்த்திருக்குமா? எங்களால் சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். பஸ் எண் மட்டும் போதும். புறப்படும் நாளன்று எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். வராவிட்டால் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று (எப்.சி.), இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும். பஸ்ஸுக்கு 8 வயதாகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. புதுப்பிக்க வேண்டும். தேதி முடிந்திருந்தால் ஏறாதீர்கள். வேறு பஸ் கேளுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். எப்.சி. என்பது ஆய்வு நடந்த அன்றைய நிலைக்குத்தான் சாட்சி. பிறகு கூடுதல் விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒயரிங்கில் எதை இணைத்தார்கள், எங்கே ஒரு பெர்த்தைச் சேர்த்தார்கள் என்பது அதில் தெரியாது. அதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஏறியதும் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அவசர வழி. ஸ்லீப்பர் பஸ்ஸுக்கென்றே ஏ.ஐ.எஸ். 119 என்ற தரவிதி இருக்கிறது. கரூரில் பாடி கட்டினாலும் வேறெங்கு கட்டினாலும் அதன்படிதான் கட்ட வேண்டும். அவசரக் கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். நடைமுறையில் தப்பு நடப்பது இங்கேதான்: கதவை ஒட்டி ஒரு பெர்த், இல்லாவிட்டால் அதன் முன்னால் மூட்டை மூட்டையாகப் பார்சல். கைப்பிடி வரை உங்கள் கை போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் அந்தக் கதவு இருந்தும் பயனில்லை.

அடுத்து, அவசரத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைப்பதற்கான சுத்தியல். திருட்டுப் போகிறது என்று கழற்றி டிரைவர் கேபினில் வைத்துவிடுகிறார்கள். அது ஜன்னல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உடைக்க நேர்ந்தால் கண்ணாடியின் நடுவில் அடிக்காமல் மூலையில் அடியுங்கள். டஃபன்டு (கடினப்படுத்திய) கண்ணாடி அங்கேதான் சட்டென்று நொறுங்கும். தீயணைப்பானின் மீட்டர் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும்.

டிக்கியில் பெட்ரோலோடு பைக் ஏற்றுகிறார்களா என்றும் கவனியுங்கள். ஏற்றினால் கண்டிப்பாகத் தட்டிக் கேளுங்கள். ஓடும் பஸ்ஸில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2013 அக்டோபர் 30 விடிகாலையில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன பஸ் இன்றைய தெலங்கானாவில் உள்ள பாலெம் அருகே சிறுபாலத்தில் மோதித் தீப்பிடித்ததில் 45 பேர் இறந்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்து வழி தேடுவதற்குக் கிடைப்பது சில நொடிகள்தான். அதனால் படுக்கும் முன்பே, உங்கள் பெர்த்திலிருந்து அவசர வழி எத்தனை பெர்த் தள்ளி இருக்கிறது என்று எண்ணி வையுங்கள், குழந்தைகளுக்கும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அவசரக் கதவை அடைத்துப் பெர்த் போட்டிருந்தார்கள். கண்டக்டர், “எல்லா பஸ்ஸும் இப்படித்தான் சார்” என்றார். புகார் செய்தால் ஏதாவது நடக்குமா?

பதில்: நடக்கும், ஆதாரம் சரியாக இருந்தால். நம்பர் பிளேட், அடைபட்ட கதவு இரண்டையும் போட்டோ எடுங்கள். தேதி, நேரம், ஏறிய இடத்தைக் குறித்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். போக்குவரத்துத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 6151. மோட்டார் வாகனச் சட்டம் 56(4)-ன் கீழ் எப்.சி.யையே ரத்து செய்ய அதிகாரம் உண்டு. அனுமதியின்றி வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம் (பிரிவு 182ஏ). “பஸ் மோசம்” என்று மட்டும் எழுதினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். எந்தக் கதவு, எதனால் அடைபட்டது என்று எழுதுங்கள்.

கேள்வி: டிக்கெட் பணம்?

பதில்: செயலியில் போட்டிருந்தால் முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டின் மின்வணிக விதி. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள், வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. டிக்கெட்டையும் பஸ் எண் வந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் அழித்துவிடாதீர்கள்.