வாசகர் கேள்வி–பதில்: வயதுக்கு வயது வேறாகும் புத்தகம்

கேள்வி: வாழ்நாள் முழுவதும் உடன்வந்த நூல் என்று ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்? இளமையில் பிடித்த அதே காரணத்துக்காகத்தான் இன்றும் அது பிடிக்கிறதா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தயக்கமின்றி உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்பேன். பிடித்த காரணம் மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறிவந்திருக்கிறது.

கல்லூரி நாட்களில் எனக்கு அது ஒரு மாணவரின் கதையாக மட்டுமே இருந்தது. 1871இல் மாயூரத்துக்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த அந்த இளைஞரின் தவிப்பை, படிக்கும் வயதில் இருந்த எவராலும் தம்முடையதாகவே உணர முடியும். அந்த ஊரிலேயே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் சங்கீதமும் பயின்றுவந்தார். பிள்ளையவர்களுக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டார். கற்பவனுக்குக் குறி இப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த இடத்தைப் படித்தபோது பெருமிதம் கொண்டேன்.

என் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மீண்டும் எடுத்தபோது, அதே பக்கங்களில் தந்தை வேங்கடசுப்பையர் முன்னால் வந்து நின்றார். அவர் சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தில் தேர்ந்து தம் வழியில் வர வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆயினும் பையனின் மனம் தமிழில்தான் ஊன்றியிருக்கிறது என்று கண்டபின், பாடம் சொல்லக்கூடியவர்கள் இருந்த அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு அலைந்தார். நிலையான வருவாய் இல்லாத ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மகன் சங்கீதத்தைக் கைவிட்ட செய்தியை, அந்தக் கலையையே வாழ்வாகக் கொண்ட தகப்பனாரின் பக்கம் நின்று பார்த்தபோது, முன்பு பெருமிதம் தந்த இடம் நெஞ்சை உறுத்தியது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நான் யார் பக்கம் நின்றேன் என்பதுதான் மாறியிருந்தது.

உத்தியோகத்தில் ஊறி, தெரிந்தது போதும் என்ற எண்ணம் தலைதூக்கும் வயதில் படிக்க வேண்டிய பகுதி ஒன்றும் இதில் உண்டு. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த ஐயர், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று நீண்ட பட்டியலை ஒப்பிக்கிறார். அதற்கு முதலியாரிடம் வியப்பு எழவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்பதுபோல் பேசிவிட்டு, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினவுகிறார். அவற்றை ஐயர் படித்திருக்கவில்லை. ஆசிரியப் பதவியில் அமர்ந்த ஒருவர் அந்தக் கேள்விக்கு முகம் சுளித்து எழுந்து வந்திருக்கலாம். அவரோ ஏட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாணவரானார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. முதலியார் அன்று சம்பிரதாயமாக நாலு வார்த்தை பாராட்டி அனுப்பியிருந்தால் நமக்கு எத்தனை நூல்கள் தாமதமாகியிருக்கும் என்ற அச்சம், இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

இப்போது படிக்கையில் என்னைப் பற்றிக்கொள்பவர், எண்பத்தைந்தை நெருங்கிய வயதில் இதை எழுதத் தொடங்கிய முதியவர். தமக்குச் சோறிட்டவர், ஏடு தந்தவர், ஒரு செய்யுளுக்குப் பொருள் சொன்னவர் என்று ஒருவரையும் விடாமல் நினைவுகூர்கிறார். அந்த நன்றியின் விரிவை, நாமும் திரும்பிப் பார்க்கும் வயதுக்கு வந்த பின்னரே முழுமையாக அளந்தறிய முடிகிறது.

கேள்வி: பதினான்கு வயதில் ‘பொன்னியின் செல்வ’னை உறங்காமல் படித்தேன். நாற்பத்தைந்தில் மீண்டும் எடுத்தால் அந்தப் பரபரப்பு இல்லை. என் ரசனை வற்றிவிட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வைத்த கதை அது. என்ன நடக்கும் என்ற ஆவல் முதல் வாசிப்போடு தீர்ந்துபோவது இயற்கை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனோடு நீங்களும் பதினான்கு வயதில் போய்விட்டீர்கள். அவனை இம்முறை சற்றே விட்டுவிட்டு, செம்பியன் மாதேவியைப் பின்தொடர்ந்து பாருங்கள். மகனைச் சிவபக்தனாக வளர்த்து அரசாசை அண்டாமல் காக்க முயன்ற தாய், அவனே அரியணை கேட்டு எதிரே நிற்கும்போது படும் பாடு, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். நோயில் படுத்துவிட்ட சுந்தர சோழரின் குற்றவுணர்வும், முதுமையில் நந்தினியை மணந்த பெரிய பழுவேட்டரையரின் தள்ளாட்டமும் பள்ளிப் பருவத்தில் நாம் புரட்டித் தள்ளிய பக்கங்களே. அவற்றைக் கல்கி ஐம்பதைக் கடந்த பிறகு எழுதினார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் மதிப்பெண்ணுக்காகக் குறளை மனப்பாடம் செய்கிறான். பொருள் உணராமல் உருப்போடுவதால் என்ன பயன்?
– வாசகி, விருதுநகர்

பதில்: மனப்பாடம் செய்யட்டும், தடுக்காதீர்கள். பெற்ற பொழுதைவிட மகனைச் சான்றோன் எனக் கேட்ட பொழுதில் தாய் பெரிதும் மகிழ்வாள் என்னும் குறளின் பொருளைப் பதின்மூன்று வயதுப் பையன் எழுதிவிடலாம். உணர்வதற்கு அவனுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். உணரும் நாளில் அடிகள் நாவில் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? மு. வரதராசனாரின் தெளிவுரைக் கையடக்கப் பதிப்பை அவன் மேசையில் வைத்துவிடுங்கள். பரிமேலழகர் உரைக்குக் கல்லூரிக் காலம் போதும்.

கேள்வி: எழுபத்தெட்டு வயதாகும் என் அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் படித்தவர், இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஒலிப்புத்தகங்கள் கிடைக்கின்றன, ஆயினும் இடையில் நிறுத்தி, “இந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார்” என்று அவர் சொல்வதைக் கேட்க, எதிரில் ஓர் ஆள் வேண்டும். புதிய நூல் வேண்டாம். அவர் இளமையில் விரும்பிய நூலைக் கேட்டறிந்து அதையே எடுங்கள். அவருக்கு எதுவும் தோன்றவில்லையென்றால் முதல் பதிலில் சொன்ன ‘என் சரித்திர’த்தையே தொடங்கலாம். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சிறியவை. ஒன்றைச் சத்தமாகப் படிக்க அரைமணி நேரம்கூட ஆகாது. மொத்தம் 122 அத்தியாயங்கள். இரவு உணவுக்கு முன் நாளுக்கு ஒன்றாகப் படித்தால் நான்கு மாதங்களுக்கு வரும்.