42 வயதில் அலுவலக நிர்வாக வேலை: எதை முதலில் படிப்பது?

கேள்வி: எனக்கு 42 வயது, சிங்கப்பூர்க் குடிமகள். முன்பு கடையில் காசாளராக இருந்தேன். பிள்ளைகளுக்காக வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அலுவலக நிர்வாக உதவியாளராக விரும்புகிறேன். ஆங்கிலம் பேசுவேன், மின்னஞ்சல் எழுதத்தான் தயக்கம். ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஓராண்டு டிப்ளோமாவில் சேரச் சொல்கிறது. சேரலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முன்பணமும் கட்டிவிடாதீர்கள்.

இங்கே சிறிய நிறுவனங்களில் நிர்வாக உதவியாளர் என்றால் தொலைபேசி, கோப்பு மட்டும் இல்லை. விலைப்பட்டியல் அனுப்புவது, விடுப்புக் கணக்கு, சம்பளம், மசேநி (மத்திய சேம நிதி) என்று மாதக் கடைசியில் எல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேரும். மசேநி சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளத்தோடு விவரச் சீட்டும் தர வேண்டும், 2016 ஏப்ரலிலிருந்து அது சட்டம். இந்த மாதாந்தர வேலைகளைத் தடுமாறாமல் செய்யக்கூடியவரைத்தான் முதலாளிகள் தேடுகிறார்கள். உங்கள் படிப்பும் அதை ஒட்டியே இருக்கட்டும்.

முதலில் எக்செல். தட்டச்சு தெரிந்தால் போதாது. வடிகட்டுவது, விலுக்கப் (ஒரு பட்டியலிலிருந்து வேண்டிய விவரத்தைத் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (விவரங்களைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) மூன்றும் கைக்கு வர வேண்டும். வகுப்பு முடிந்ததும் வீட்டில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். பத்து ஊழியர்களைக் கற்பனையாக வைத்துக்கொண்டு அவர்களுடைய மிகைநேரச் சம்பளத்தைக் கணக்கிடுங்கள். மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 x 44ஆல் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்) வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும். மிகைநேரத்திற்கு அதைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. 2,000 வெள்ளி வாங்குபவருக்கு மணிக்கு 10.49 வெள்ளி, மிகைநேரத்திற்கு 15.73 வெள்ளி. இந்தச் சூத்திரத்தை நீங்களே எழுதி, சம்பளத்தை மாற்றினால் விடையும் சரியாக மாறுகிறது என்றால், நேர்காணலில் தைரியமாகப் பேசலாம்.

அடுத்து, வேலையிட ஆங்கில எழுத்துக்கு ஒரு குறுகிய வகுப்பு. பாக்கித் தொகையைப் பணிவாகக் கேட்பது, சந்திப்பை மாற்றுவது, புகாருக்குப் பதில் சொல்வது போன்ற கடிதங்களைத் தினம் ஒன்றாக எழுதிப் பழகுங்கள். தயக்கம் மெல்லக் குறையும்.

மூன்றாவதாக, சம்பளப் பட்டியல் அல்லது அடிப்படைக் கணக்கியல். இரண்டில் ஒன்று போதும். நான் உங்களுக்குக் கணக்கியலைத்தான் சொல்வேன். கல்லாப்பெட்டியையும் ரசீதையும் தினமும் ஒத்துப்பார்த்தவர் நீங்கள், வங்கிக் கணக்கை ஒத்துப்பார்ப்பதும் அதே பழக்கம்தான்.

பிறருடைய விவரங்களைக் கையாளும் விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது. வரவேற்பு மேசையில் உட்காருபவருக்கு இது அன்றாட விஷயம்.

சரி, பணம்? 2024 மே மாதத்திலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் தரும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை உண்டு. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்குத்தான் அது செல்லும், எல்லாத் தனியார் டிப்ளோமாவுக்கும் செல்லாது. ஆதரவு பெற்ற பல பயிற்சிகளில் உங்கள் வயதினருக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கழிவு கிடைக்கிறது. நிலையத்தார் சொல்வதை மட்டும் நம்பாமல், மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் படிப்பின் பெயரைத் தேடி, கழிவுக்குப் பின் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

உங்களுக்குச் சாதகமான இன்னொன்று: 2023 மார்ச் 1 முதல், வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர் நிர்வாகப் பணியாளர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறையின்படி குறைந்தபட்சச் சம்பளம் தர வேண்டும். ஆண்டுதோறும் அது உயர்ந்துவந்திருக்கிறது. சம்பளம் பேசுவதற்கு முன் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இப்போதைய தொகையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பயிற்சி முடியும்வரை விண்ணப்பிக்கக் காத்திருக்காதீர்கள். எக்செல் வகுப்பு முடிந்த வாரமே மைகரியர்ஸ்ஃபியூச்சர் வேலைதேடல் இணையத்தளத்தில் தொடங்கலாம். விண்ணப்பத்தில் காசாளர் அனுபவத்தை ஒரு வரியில் முடித்துவிடாமல், தினசரி வசூலைச் சரிபார்த்தது, பணத்தைத் திருப்பித் தந்தபோது கணக்கு வைத்தது, வாடிக்கையாளர் புகாரைத் தீர்த்தது என்று தனித்தனியாக எழுதுங்கள்.